மூன்று மேக்கில் நடுவில் உள்ளதுதான் பிடிவாதம்

போன பள்ளி விடுமுறைக்கு அண்ணன் மகள் பட்டர்வொர்த்தில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தபோது, துணிமணிகளுக்கு நடுவே ஒரு மேக்புக் புரோவைத் துண்டில் சுற்றி எடுத்து வந்திருந்தாள். 2012 நடுவில் வெளியான 13 அங்குல மாடல். அண்ணன் ஜார்ஜ்டவுனில் தெரிந்தவர் ஒருவரிடம் 300 வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) வாங்கியிருக்கிறார். படிவம் நான்கில் படிக்கிற பிள்ளை, பள்ளி வேலைக்கு ஒரு கணினி வேண்டும், அவ்வளவுதான்.

"அத்தை, எதைத் திறந்தாலும் பிரவுசர் பழசுன்னு சொல்லுது. இது கெட்டுப்போச்சா?" என்று கேட்டாள்.

கெட்டுப்போகவில்லை. மேக் கணினியை இயக்கும் ஆப்பிளின் மென்பொருள்தான் மேக்ஓஎஸ். அந்த மாடலுக்கு ஆப்பிள் தந்த கடைசிப் பதிப்பு கேட்டலினா. 2022க்குப் பிறகு அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வரவில்லை. பிரவுசர்களும் ஒவ்வொன்றாக அதைக் கைவிட்டன. உள்ளே இருக்கும் ஐ5 செயலி, திரை, விசைப்பலகை எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. ஓப்பன்கோர் என்ற நிரல் வழியாகப் புது மேக்ஓஎஸ்ஸையே ஏற்றலாம் என்று சிலர் சொல்வார்கள். ஏற்றலாம்தான். ஆனால் ஒரு பள்ளிப் பிள்ளையின் மெஷினை, ஒவ்வொரு அப்டேட்டுக்கும் நான் ஓடி வந்து பார்க்க வேண்டிய நிலையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. மேக்ஓஎஸ்ஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம்தான் என்று முடிவு செய்தோம்.

முதலில் வயிற்றைத் திறந்தோம். அடித்தட்டில் பத்துத் திருகாணிகள். அதில் மூன்று நீளம், ஏழு குட்டை. மாற்றிப் போட்டால் தட்டு சரியாக உட்காராது. நான் பாயான் லெப்பாஸில் மின்னணு போர்டு பழுது பார்க்கும் வேலையில் இருக்கிறேன், அங்கே கற்றுக்கொண்ட பழக்கம் ஒன்று உண்டு: ஒரு தாளில் மெஷினின் உருவத்தை வரைந்து, திருகாணியைக் கழற்றக் கழற்ற அந்தந்த இடத்திலேயே தாளில் குத்தி நிறுத்திவிடுவது. அவளிடமே ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்தேன். உள்ளே விசிறி இதழ்களில் தூசி பஞ்சு மாதிரி படிந்திருந்தது. அதைப் பிரஷ்ஷால் தள்ளி எடுத்தாள். பழைய ஹார்ட் டிஸ்கின் பக்கவாட்டில் நான்கு சின்ன முளைகள் இருக்கும், அவற்றைக் கழற்ற டி6 டார்க்ஸ் முனை வேண்டும். அதை வாங்காமல் திறக்க உட்காராதீர்கள், பாதியில் நிற்பீர்கள். அந்த முளைகளைப் புது எஸ்எஸ்டியில் மாட்டி, டிஸ்க் இருந்த இடத்தில் வைத்தோம். ரேம் இரண்டு எட்டு ஜிபி, டிடிஆர்3. சாய்வாகச் செருகிக் கீழே அழுத்தினால் இரண்டு பக்கமும் டிக்கென்று பிடித்துக்கொள்ளும். அந்த டிக் சத்தம் கேட்டதும் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இந்த மாடலுக்கு ஆப்பிள் சொன்ன உச்ச வரம்பு எட்டு ஜிபி, ஆனால் பதினாறையும் குறையில்லாமல் ஏற்றுக்கொள்கிறது. இதற்குப் பின் வந்த மேக்புக்குகளில் ரேமை மதர்போர்டிலேயே பற்றவைத்துவிட்டார்கள். அதனால்தான் இந்த 2012 மாடல் மேல் எனக்கு இத்தனை மதிப்பு.

டெபியன் 12 என்ற லினக்ஸ் பதிப்பைப் பென்டிரைவில் எழுதி, ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டே மெஷினைப் போட்டால், தொடக்க மணி அடித்ததும் ஆரஞ்சு நிறத்தில் ஒரு டிரைவ் படம் வரும். அதன் கீழே இஎஃப்ஐ பூட் என்று இருக்கும். அதைத் தட்டினால் போதும். இதுவரை சிரமமே இல்லை. அப்புறம்தான் வைஃபை.

இந்த மெஷினில் இருப்பது பிசிஎம்4331 என்ற வைஃபை சிப். இதற்கு லினக்ஸில் பி43 என்ற டிரைவர் (சிப்பை இயக்கும் நிரல்) பல வருஷமாக இருக்கிறது. ஆனால் சிப்புக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் என்ற உள்நிரலை மறுபடி வினியோகிக்க உரிமம் இடம் தராது. 2023 ஜூனில் வந்த டெபியன் 12, மற்ற பல சிப்புகளுக்கான ஃபர்ம்வேரை இன்ஸ்டாலரிலேயே சேர்த்துத் தந்தது. இதை மட்டும் சேர்க்க வழியில்லை. அதற்கென்று இருக்கும் பேக்கேஜைப் போட்டால், அது இணையத்தில் போய் ஒரு பழைய டிரைவரைக் கொண்டு வந்து, அதிலிருந்து ஃபர்ம்வேரை வெட்டி எடுத்து வைக்கும். வைஃபை வர இணையம் வேண்டும், இணையம் வர வைஃபை வேண்டும் என்று பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். நல்லவேளையாக இந்த மாடலில் ஈதர்நெட் துளை இருக்கிறது. ரூட்டரிலிருந்து கேபிளை இழுத்துப் போட்டேன், ஐந்து நிமிடத்தில் முடிந்தது. மேக்புக் ஏர் மாதிரி துளை இல்லாத மெஷின் என்றால், ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பியில் செருகி டெதரிங் (போனின் இணையத்தைப் பகிர்வது) போடுங்கள், லினக்ஸ் அதைக் கேபிள் இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும். ஒரு செய்தி: 2013க்குப் பின் வந்த ஏர்களில் பெரும்பாலும் வேறு சிப், அதற்கு டபிள்யூஎல் என்ற வேறு டிரைவர். சிப்பின் பெயரைப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

மற்றதெல்லாம் தானாக வந்தது. திரை வெளிச்சம், ஒலி, கேமரா, மூடினால் தூங்குவது, திறந்தால் விழிப்பது எல்லாம். எம்பிபிஃபேன் என்ற சின்ன நிரலை மட்டும் சேர்த்தேன். நம்ம ஊர் உச்சி வெயிலில் மெஷின் நன்றாகச் சூடேறிய பிறகு விசிறி வேகமெடுப்பதைவிட, கொஞ்சம் முன்கூட்டியே சுற்றத் தொடங்குவது நல்லது.

ஒரு நாள் கழித்து அவள் வந்து, "அத்தை, தமிழ் எழுத்து வேற மாதிரி இருக்கே" என்றாள். சரியாகக் கவனித்திருக்கிறாள். மேக்கில் வரும் இணைமதி, தமிழ் சங்கம் எம்என் ஆகிய எழுத்துருக்கள் நம் மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன் உருவாக்கியவை. அதை அவளிடம் சொன்னபோது நம்பவே இல்லை. உலகம் முழுக்கப் போகிற கணினியில் நம்ம ஊர்க்காரர் கைவண்ணம் இருக்கிறது என்பது அவளுக்குப் பாடப்புத்தகத்தில் கிடைக்காத செய்தி. லினக்ஸில் இருப்பது லோகித், நோட்டோ. நோட்டோ சான்ஸ் தமிழைப் போட்டுக் கொடுத்தேன். தட்டச்சுக்கு ஐபஸ்ஸும் எம்17என் பேக்கேஜும். அதில் தமிழ்99 விசைப்பலகை முறையைத் தேர்ந்தெடுத்து உட்காரவைத்தேன். அவளுக்கு ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கும் முறைதான் பழக்கம். தமிழ்99-இல் அம்மா என்று எழுத நான்கே தட்டு: அ, ம, ம, ஆ. இரண்டாவது ம விழுந்ததும் முதல் ம-வுக்குத் தானாகப் புள்ளி விழுந்துவிடும். அதைக் கண்டதும் அக்கா, அப்பா, அத்தை, பட்டம், பள்ளம் என்று அரை மணி நேரம் இரட்டிக்கும் சொற்களாகத் தேடித் தேடி அடித்துக்கொண்டிருந்தாள்.

இந்த ஒரு மெஷினோடு நின்றிருந்தால், பழைய மேக் என்றால் சுலபம், புதியது என்றால் கஷ்டம் என்றே நானும் சொல்லியிருப்பேன். அப்படி இல்லை என்று தெரிந்தது பக்கத்து வீட்டு டீச்சரால். தமிழ்ப்பள்ளியில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். பிள்ளையின் மெஷினைப் பார்த்துவிட்டு, "எனக்கும் இதே மாதிரி போட்டுக் கொடும்மா" என்று தம்முடைய 2019 மேக்புக் ஏரைக் கொண்டு வந்தார்.

2018 முதல் 2020 வரை வந்த இன்டெல் மேக்புக்குகளில் டி2 என்று ஒரு தனி சிப் இருக்கிறது. 2012 மாடலில் விசைப்பலகையும் டிராக்பேடும் உள்ளுக்குள்ளே யூஎஸ்பியில் தொங்குகின்றன. அதனால் எந்த லினக்ஸும் அவற்றைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொள்ளும். டி2 மெஷினில் அவையும் ஒலியும் அந்தச் சிப்பைத் தாண்டித்தான் செயலிக்கு வர வேண்டும். வழக்கமான லினக்ஸ் பென்டிரைவைச் செருகித் தொடங்கினால் திரையில் படம் வரும், விசை எதை அழுத்தினாலும் எந்த அசைவும் இருக்காது. வெளியே ஒரு யூஎஸ்பி விசைப்பலகையும் மவுஸும் மாட்டித்தான் வேலையைத் தொடங்க வேண்டும். அதற்கும் முன்னால் ரிகவரி என்ற பழுதுநீக்கத் திரைக்குள் போய், வெளி டிரைவிலிருந்து தொடங்க அனுமதி கொடுத்து, நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட்டை அணைக்க வேண்டும். டி2லினக்ஸ் என்ற தன்னார்வக் குழு இதற்கென்றே தனிக் கெர்னலும் (லினக்ஸின் மைய நிரல்) டிரைவரும் செய்து வைத்திருக்கிறது. அவர்கள் இல்லையென்றால் வழியே இல்லை.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: டி2 மெஷினில் மேக்ஓஎஸ்ஸை முதலில் அழித்துவிடாதீர்கள். வைஃபைக்கு வேண்டிய ஃபர்ம்வேர் கோப்புகள் மேக்ஓஎஸ்ஸுக்குள்தான் இருக்கின்றன. அழிப்பதற்கு முன் எடுத்து வைத்தால் அரை மணி வேலை. நான் டிஸ்க்கைத் துடைக்கப் போய், கடைசி நேரத்தில் வழிகாட்டியை இன்னொரு முறை படித்ததால் தப்பித்தேன்.

எல்லாம் போட்டேன், ஓடியது. ஆனால் மூடினால் ஒழுங்காகத் தூங்கவில்லை. திறந்தால் சில சமயம் விசைப்பலகை விழிக்கவில்லை. எனக்கு என்றால் பொறுத்துக்கொள்வேன். ஓய்வு பெற்ற ஒருவர், மூடியைத் திறந்து பேரனோடு பேச உட்காரும்போது விசை வேலை செய்யவில்லை என்றால் அது கொடுமை. டீச்சரிடம் விவரத்தைச் சொல்லி, அந்த மெஷினில் மேக்ஓஎஸ்ஸையே வைத்துவிட்டேன். இப்போதைக்கு அதில் அது நன்றாகவே ஓடுகிறது. பழைய திங்க்பேட் மடிக்கணினி ஒன்று கிடைத்தால் அவருக்கு லினக்ஸ் போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

மூன்றாவது என்னுடையது, எம்1 மேக்புக் ஏர். ஆப்பிள் 2020 நவம்பரில் இன்டெல்லை விட்டுச் சொந்தச் சிப்புக்கு மாறியபோது, இதில் லினக்ஸ் வராது என்றே நினைத்தேன். வந்தது. ஹெக்டர் மார்ட்டின் தொடங்கிய அசாஹி லினக்ஸ் திட்டம் 2022 மார்ச்சில் முதல் ஆல்ஃபாவை (சோதனைப் பதிப்பு) வெளியிட்டது. அசாஹி என்றால் ஜப்பானிய மொழியில் உதயசூரியன். மெக்கின்டாஷ் ஆப்பிள் பழத்துக்கும் அங்கே அதுதான் பெயராம். எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது! அதே ஆண்டு ஜூலை கடைசியில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் 5.19-ஐ எம்2 மேக்புக் ஏரிலிருந்து, அசாஹியில் ஓடவைத்தே வெளியிட்டார். ஆப்பிள் எந்த ஆவணமும் தராத, திரையில் படம் வரையும் ஜிபியூவுக்கு, அலிசா ரோசன்ஸ்வைக் முன்னின்று டிரைவர் எழுதினார். மார்ட்டின் 2025 பிப்ரவரியில் விலகிவிட்டார், மற்றவர்கள் நடத்துகிறார்கள்.

நான் போட்டது ஃபெடோரா அசாஹி ரீமிக்ஸ் என்ற பதிப்பு. பென்டிரைவே வேண்டாம். மேக்ஓஎஸ்ஸின் டெர்மினலில் ஒரே ஒரு கட்டளை, அதுவே டிஸ்கில் இடம் ஒதுக்கிக்கொள்கிறது. பிறகு மெஷினை முழுதாக அணைத்து, பவர் பட்டனை அழுத்திய கையை எடுக்காமல் தொடக்கத் தேர்வுகள் திரையில் வரும்வரை பிடித்திருக்க வேண்டும். தட்டித் தட்டிப் பார்த்தால் வராது. ஆப்பிளின் கையொப்பமில்லாத கெர்னலை ஓட்ட, உரிமையாளரின் கடவுச்சொல்லோடு, ஆப்பிளே ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. திருட்டுத்தனமாக எதையும் உடைக்க வேண்டியதில்லை. மேக்ஓஎஸ்ஸும் கூடவே இருக்கும், இருக்கட்டும். ஃபர்ம்வேர் அப்டேட் அதன் வழியாகத்தான் வருகிறது.

என்னை மிகவும் நெகிழவைத்தது ஸ்பீக்கர். இந்த மெல்லிய மெஷினின் ஸ்பீக்கரை அதன் தாங்குசக்திக்கு மேல் ஓட்டினால் சுருள் சூடாகிக் கருகிவிடும். அசாஹிக்காரர்கள் அதற்கென ஒரு காவல் நிரல் எழுதியிருக்கிறார்கள். சுருளுக்குப் போகும் மின்னோட்டத்தையும் மின்னழுத்தத்தையும் நொடிக்கு நொடி பார்த்து, வெப்பநிலையைக் கணக்கிட்டு, எல்லை தாண்டப் போகிறது என்றால் ஒலியைத் தணித்துவிடும். அந்தக் காவல் நிரல் ஓடவில்லை என்றால் கெர்னல் ஒலியை ஏறவே விடாது. காலையில் சமையலறையில் இதை வைத்து நாதஸ்வரம் போட்டுவிட்டுத் தோசை சுடுகிறேன், தவிலின் அடி தனியாகத் தெரிகிறது. போர்டு பழுது பார்க்கிறவள் என்பதால், முகம் தெரியாத யாரோ என் மெஷினின் சுருள் கருகக் கூடாது என்று இவ்வளவு பாடுபட்டிருக்கிறார்களே என்று தோன்றும்.

குறைகளும் உண்டு. விரல்ரேகை வேலை செய்யாது. மூடி வைத்தால் மேக்ஓஎஸ்ஸைவிட பேட்டரி அதிகம் இறங்குகிறது. இதன் கெர்னல் நினைவகத்தை 16 கேபி பக்கங்களாகப் பிரிப்பதால், 4 கேபி என்று நினைத்துக் கட்டிய சில நிரல்கள் அடம்பிடிக்கும். நான் போட்டபோது எம்1, எம்2 வரிசைகளுக்குத்தான் இன்ஸ்டாலர் இருந்தது.

ஆக, வயதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உள்ளே இருக்கும் சிப்புகளை யாராவது உட்கார்ந்து புரிந்துகொண்டு எழுதி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். கையில் 300, 400 வெள்ளிதான் இருக்கிறது என்றால் ரெட்டினா என்ற நுண்திரை இல்லாத 2012 புரோவைத் தேடுங்கள். கொஞ்சம் கூடுதலாகப் போட முடிந்தால் எம்1. லினக்ஸுக்காக என்றே வாங்குவதானால் நடுவில் வந்த டி2 வேண்டாம். டி2, எம்1 எதுவானாலும், பணத்தைக் கொடுப்பதற்கு முன் விற்கிறவர் உங்கள் கண்முன்னே ஐகிளவுட் கணக்கிலிருந்து வெளியேறி, ஃபைண்ட் மை என்ற தேடல் வசதியை அணைத்து, மெஷினை அழித்து, புதிதாக வரவேற்பு சொல்லும் திரை வரை கொண்டுவந்து காட்டட்டும். "வீட்டுக்குப் போய் நீங்களே செஞ்சுக்கலாம்" என்றால் வாங்காமல் எழுந்து வாருங்கள். பழைய கணக்கில் பூட்டிக் கிடக்கும் மெஷினில் மேக்ஓஎஸ்ஸும் ஓடாது, லினக்ஸும் ஓடாது.