அன்புள்ள கரிக்குலம்

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து என் கைப்பேசியில் செய்தி படித்துக்கொண்டிருந்த அப்பா, திடீரென்று எழுந்து அடுக்களைக்கு வந்தார். முகம் சரியில்லை.

"எனக்கு வேலை கிடையாது என்று எவனோ எழுதியிருக்கிறான். நான் எப்போது இவனிடம் வேலை கேட்டேன்?"

அப்பாவுக்கு 76 வயது. போக்குவரத்துக் கழகத்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்று 18 ஆண்டுகள் ஆகின்றன. கைப்பேசியை வாங்கிப் பார்த்தேன். "அன்புள்ள சுடலைமுத்து, தங்கள் தகுதிகளைக் கவனமாகப் பரிசீலித்தோம். இம்முறை தங்களைத் தேர்ந்தெடுக்க இயலாமைக்கு வருந்துகிறோம்" என்று நல்ல ஆங்கிலத்தில் இருந்தது.

"கவனமாகப் பரிசீலித்தார்களாம்! 34 வருடம் வசூலில் ஒரு பைசா குறையாமல் கட்டியவன் நான்" என்று சொல்லிவிட்டு அப்பா மறுபடி திண்ணைக்குப் போய்விட்டார். அன்று இட்லிக்கு இரண்டாவது ஈடு கேட்கவில்லை.

குற்றவாளி நான்தான். டவுனில் ஒரு வற்றல் மண்டியில் 12 ஆண்டுகள் கணக்கு எழுதினேன். முதலாளிக்கு வயதாகிவிட்டது, பிள்ளைகள் வெளிநாட்டில். தை மாதத்தோடு மண்டியை மூடிவிட்டார். 41 வயதில், வாழ்க்கையில் முதல்முறையாக, ரெஸ்யூம் என்று ஒன்று எழுத வேண்டியதாயிற்று. மண்டியில் சேர்ந்தபோது என் ரெஸ்யூம் ஒரே வரி: "இவள் நம்ம கண்டக்டர் மகள்." அதை அப்பாவே வாயால் சொன்னார், வேலை கிடைத்தது.

இப்போது அப்படி நடக்காது என்பது தெரியும். எனவே மார்க்கெட் பக்கம் இருக்கும் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். அண்ணாச்சி இருபது வருடமாகக் கணினியில் வடிவமைப்புச் செய்கிறவர். பூப்புனித நீராட்டு, புதுமனை புகுவிழா, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவர் கைதான். நான் போன சமயம் பங்குனி உத்திரம் நெருங்கிக்கொண்டிருந்தது. மேசை நிறைய சாஸ்தா கோயில் நோட்டீஸ்கள். "நீ உட்கார் தாயி, உன்னுடையதையும் கையோடு முடித்துவிடுகிறேன்" என்றார். கையோடு முடித்ததுதான் வினையாயிற்று.

உண்மையைச் சொன்னால் பார்க்க அழகாகத்தான் இருந்தது. நான்கு பக்கமும் கொடி படர்ந்த பார்டர். இடது பக்கம் கருநீலத்தில் ஒரு பட்டை, அதில் வட்டத்துக்குள் என் புகைப்படம். கீழே எக்செலுக்கு நான்கு நட்சத்திரம், டேலி என்கிற கணக்கு மென்பொருளுக்கு ஐந்து, ஆங்கிலத்துக்கு மூன்றரை. கைப்பேசி எண் தாளின் தலைப்பகுதியில், ஒரு குட்டி தொலைபேசிப் படத்துக்குப் பக்கத்தில். எல்லாவற்றுக்கும் மேலே, கொடை நோட்டீஸில் சுவாமி பெயர் வரும் இடத்தில், கொட்டை எழுத்தில் "கரிக்குலம் விட்டே". ரெஸ்யூமுக்கு அது இன்னொரு பெயராம். அப்பா மட்டும் பிள்ளையார் சுழி இல்லையே என்று குறைப்பட்டார். இங்கிலீஷில் அது கிடையாது என்று அண்ணாச்சி தீர்த்துச் சொல்லிவிட்டார்.

அதை இணையத்தில் ஏற்றினேன். முதல் பதில் மறுநாளே வந்தது: "அன்புள்ள கரிக்குலம்." ஏதோ தட்டச்சுப் பிழை என்று விட்டுவிட்டேன். இரண்டாவது நிறுவனமும் "அன்புள்ள கரிக்குலம்" என்றது. மூன்றாவது இன்னும் மரியாதையாக, "திரு. விட்டே அவர்களுக்கு".

நான்காவது இடத்தில் ஜாக்கிரதையாகப் பெயரை நானே தட்டினேன். முதல் பெயர் என்ற கட்டத்தில் காந்திமதி. எங்கள் ஊரில் தெருவுக்கு இரண்டு காந்திமதி உண்டு, அதில் சிக்கலில்லை. அடுத்தது கடைசிப் பெயர். நமக்கு ஏது கடைசிப் பெயர்? இனிஷியலைப் போட்டேன். "குறைந்தது இரண்டு எழுத்துகள் தேவை" என்று சிவப்பில் வந்தது. சரி, அந்த எஸ் எதைக் குறிக்கிறதோ அதையே முழுசாகப் போட்டுவிட்டேன். சுடலைமுத்து. அதுதான் செவ்வாய்க்கிழமை காலை திண்ணையில் வந்து விழுந்தது.

மைனியின் மகன் பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருக்கிறான். ராத்திரி அழைத்து அழாக்குறையாகச் சொன்னேன். சிரித்து முடிக்க அவனுக்கு ஐந்து நிமிடம் ஆயிற்று.

"அத்தை, அந்தத் தாளைக் கணினியில் திறந்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, காப்பி செய்து, நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். மிஷினுக்கு ஏறக்குறைய அப்படித்தான் தெரியும்."

ஒட்டினேன். கொடியும் பூவும் கருநீலமும் போய்விட்டன. புகைப்படம் போய்விட்டது. தலைப்பகுதியில் இருந்த கைப்பேசி எண் வரவே இல்லை. நட்சத்திரங்கள் சிறு சிறு சதுரக் கட்டங்களாகிவிட்டன. இடது பட்டையில் இருந்ததும் வலது பக்கம் இருந்ததும் ஒரே வரியில் பின்னிக்கொண்டு இப்படி வந்தன:

கரிக்குலம் விட்டே
மொழிகள் தமிழ் பணி அனுபவம் ஆங்கிலம்
வற்றல் மண்டி பொழுதுபோக்கு 2012 முதல் கோலம்
திருமணமானவர் கணக்காளர் டேலி 2024 வரை

கடைசி வரியை இரண்டு முறை படித்தேன். 2024 வரை திருமணமானவர். என் கணவர் எட்டிப் பார்த்து, "அப்புறம் என்ன நடந்தது?" என்று கேட்டார்.

நடுவில் ஒரு நிறுவனம் கையெழுத்திட்ட பிரதி கேட்டிருந்தது. உறுதிமொழிக்குக் கீழே கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் எடுத்து அனுப்பியிருந்தேன். அதையும் ஒட்டிப் பார்த்தேன். ஒன்றுமே வரவில்லை. சுத்தமான வெள்ளைத் தாள். அது எழுத்தில்லையாம், எழுத்தின் புகைப்படமாம்.

மருமகன் பொறுமையாக விளக்கினான். நிறுவனங்களில் விண்ணப்பங்களை வாங்கி வைக்கிற இந்த மென்பொருளுக்கு ஏடிஎஸ் என்று பெயர். விண்ணப்பதாரர்களைக் கணக்கு வைத்துக்கொள்கிற ஏற்பாடு. நம் தாளைப் பிரித்து, பெயர் எது, எண் எது, எங்கே எத்தனை ஆண்டு வேலை என்று கட்டம் கட்டமாகப் போட்டு வைக்கும். எல்லோரும் நினைப்பதுபோல அதுவே உட்கார்ந்து பெரும்பாலானவர்களைக் கழித்துக் கட்டுவதில்லை. ஆள் தேடுகிறவர் "ஜிஎஸ்டி", "டேலி பிரைம்", "திருநெல்வேலி" என்று தட்டும்போது யார் தாளில் அந்தச் சொற்கள் இருக்கின்றனவோ அவர்கள் மேலே வருவார்கள். மற்றவர்கள் அடியில் கிடப்பார்கள். முதல் வரியில் இருப்பதைப் பெயர் என்று எடுத்துக்கொள்வது அதற்கு வழக்கம்.

கேட்கக் கேட்க எனக்கு எங்கள் மண்டியின் பழைய குமாஸ்தா ஞாபகம்தான் வந்தது. கண்ணாடி போட மறந்த நாளில் சரக்குச் சீட்டில் எந்த வரியை எந்தக் கலத்தில் எழுதுவார் என்று சொல்ல முடியாது. ஆனால் கேட்டதை எடுத்துக் கொடுப்பார்.

"அப்படியானால் இரண்டே நிமிடத்தில் வேண்டாம் என்று பதில் வந்ததே, அது யார் வேலை?" என்று கேட்டேன். திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் கிளை வைத்திருக்கிற மருந்து மொத்த விற்பனை நிறுவனம் ஒன்று. அப்பாவுக்கு மடல் அனுப்பியது வேறு, இது வேறு. தேயிலை கொதிப்பதற்குள் மறுப்பு வந்துவிட்டது.

"படிவத்தில் என்னென்ன கேள்வி இருந்தது?"

சொன்னேன். வேலைக்காக இடம் மாறத் தயாரா என்று ஒன்று இருந்தது. இல்லை என்று நேர்மையாகப் போட்டிருந்தேன்.

"அதுதான் அத்தை. அந்த மாதிரிக் கேள்விக்கு இல்லை என்றால் உடனே வெளியே தள்ளும்படி யாராவது வைத்திருப்பார்கள். ரெஸ்யூமைத் திறந்தே இருக்காது."

பாளையங்கோட்டையிலிருந்து வண்ணாரப்பேட்டைக்கு டவுன் பஸ்ஸில் போய்விடலாம். நான் எங்கே மாறுவது? தாமிரபரணி ஆறுகூட இடையில் வராது. 1843இல் கட்டிய சுலோச்சன முதலியார் பாலத்தைத் தாண்ட வேண்டிய அவசியம்கூட இல்லாத வேலைக்கு, இடம் மாறத் தயாரில்லை என்று தள்ளிவிட்டார்கள்.

அப்பா இதையெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் காலத்தில் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ஒருமுறை பதிந்துவிட்டு, மூன்று ஆண்டுக்கு ஒருதரம் மறக்காமல் புதுப்பித்தால் போதும், வரிசை தானாக நகரும் என்றார். நகர்ந்ததா என்று கேட்டேன். "வரிசை இருந்தது" என்றார்.

மறுநாள் திருத்தம் தொடங்கியது. மருமகன் ஒரு விளம்பரத்தை அனுப்பி, இதில் என்ன கேட்டிருக்கிறார்கள், நீங்கள் செய்த வேலையில் அது இருக்கிறதா என்று வரி வரியாகப் பாருங்கள் என்றான். "பேங்க் ரீகன்சிலியேஷன்" என்று இருந்தது. தெரியாது என்றேன். மாதக் கடைசியில் என்ன செய்வீர்கள் என்று கேட்டான். பாஸ்புக்கையும் பேரேட்டையும் வைத்து ஒத்துப் பார்த்து, எந்தக் காசோலை இன்னும் போகவில்லை என்று குறித்து வைப்பேன் என்றேன். "அதுதான் அத்தை அது." 12 வருடமாகப் பெயர் தெரியாமலே செய்து வந்திருக்கிறேன்! அப்படியே "அக்கவுண்ட்ஸ் பேயபிள்" என்பது சரக்கு அனுப்பிய வியாபாரிகளுக்குப் பாக்கி தீர்ப்பது. மாதம் 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி 3பி என்று வரிக் கணக்குப் படிவங்கள், இடையில் லாரியில் போகிற சரக்குக்கு இ-வே பில். இத்தனையையும் "கணக்கு வழக்குகள் அனைத்தும் கவனித்தல்" என்று ஒரே வரியில் அடக்கி வைத்திருந்தவள் நான். ஜிஎஸ்டி என்று சுருக்கமாக ஓரிடத்தில், சரக்கு சேவை வரி என்று விரிவாக ஓரிடத்தில் போடச் சொன்னான். தேடுகிறவர் எதைத் தட்டுவார் என்று சொல்ல முடியாதாம். டேலி ஈஆர்பி 9 என்று மட்டும் எழுதியிருந்தேன். 2020இல் அதன் பெயர் டேலி பிரைம் ஆகிவிட்டது. பெயர் மாறிய பிறகும் நான் அதில்தான் வேலை பார்த்தேன், ஆனால் எங்கள் மண்டியில் யாரும் அதைப் புதுப்பெயரால் கூப்பிடவில்லை.

ஊர்ப் பெயரிலும் ஒரு சங்கடம். பாளையங்கோட்டையை ஆங்கிலத்தில் எழுத ஆளுக்கொரு வழி இருக்கிறது. பாளம்கோட்டா, டின்னவெல்லி என்று வெள்ளைக்காரன் விட்டுப்போனது தனி. தேடுகிறவர் மாவட்டத் தலைநகரைத்தான் தட்டுவார் என்று சொல்லி, திருநெல்வேலி என்றே போடச் செய்தான்.

இந்தத் திருத்தங்களை எடுத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். பார்டரை எடுக்கச் சொன்னதும் அண்ணாச்சி முகம் வாடிவிட்டது. நட்சத்திரத்தை எடுக்கச் சொன்னபோது, "ஐந்து நட்சத்திரத்தை எடுத்துவிட்டு வெறுமனே டேலி என்று போட்டால் எவன் மதிப்பான்?" என்றார். கருநீலப் பட்டை போனது. புகைப்படம் போனது. தலைப்பகுதியில் இருந்த எண் கீழே இறங்கி, பெயருக்கு அடுத்த வரிக்கு வந்தது. தாள் மொட்டையடித்த பிள்ளை மாதிரி ஆகிவிட்டது.

அப்போது அங்கே பிரிண்ட் எடுக்க வந்திருந்த கல்லூரிப் பையன் ஒருவன் இலவசமாக ஆலோசனை சொன்னான். விளம்பரத்தை அப்படியே எடுத்து, ரெஸ்யூமின் ஓரத்தில் வெள்ளை எழுத்தில் பொடியாக ஒட்டிவிட வேண்டுமாம். மனிதர் கண்ணுக்குத் தெரியாது, மிஷின் மட்டும் படித்து மயங்கிவிடும். அண்ணாச்சிக்கு உடனே பிடித்துப் போயிற்று. வெள்ளையில் அடித்தால் மை செலவும் இல்லை என்றார். தடுப்பதற்குள் தாளின் மேல் ஓரத்தில் ஒட்டியும் விட்டார்.

எனக்கோ நோட்பேட் பழக்கம் தொற்றிவிட்டது. அங்கேயே ஒட்டிப் பார்க்கச் சொன்னேன். நோட்பேடில் வெள்ளை ஏது, கறுப்பு ஏது. எல்லாம் பளிச்சென்று வந்து நின்றன. முதல் வரியில் "உடனே ஆட்கள் தேவை". அதுதான் இனி என் பெயர். அடுத்து "இருசக்கர வாகனம் உள்ள ஆண்கள் விரும்பத்தக்கது". அதற்கு அடுத்து, என் எண்ணுக்கு முன்னால், அந்த அலுவலகத்தின் சொந்தத் தொலைபேசி எண். நேர்முகத்துக்கு என்னை அழைக்க வேண்டுமென்றால் அவர்கள் அவர்களையே அழைத்துக்கொள்ள வேண்டியதுதான். பையன் சில்லறையை வாங்கிக்கொண்டு நகர்ந்துவிட்டான்.

மொட்டைத் தாளையே ஏற்றினேன். அதே மருந்து நிறுவனம் அதே வண்ணாரப்பேட்டைக் கிளைக்கு மறுபடி விளம்பரம் கொடுத்திருந்தது. இடம் மாறத் தயாரா என்ற கேள்விக்கு இம்முறை ஆம் என்று போட்டேன். பாளையங்கோட்டையிலிருந்து வண்ணாரப்பேட்டைக்குத் தினமும் காலையில் மாறி, மாலையில் திரும்ப மாறத் தயார் என்ற பொருளில்.

எட்டாம் நாள் சென்னையிலிருந்து ஒரு பெண் பேசினாள். "காந்திமதி மேடம்தானே?" என்றாள். அந்தப் பெயரைக் கேட்டு எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

நேர்முகம் கிளை அலுவலகத்திலேயே நடந்தது. மேலாளருக்கு ஐம்பது வயதிருக்கும், நெற்றியில் விபூதி. ஒரு பிரதி கொடுங்கள் என்றார். மொட்டைத் தாளை நீட்டினேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"என்னம்மா, ஒரு போட்டோகூட இல்லை? பார்க்கக் கொஞ்சம் லட்சணமாக அடித்திருக்கக் கூடாதா?"

நான் வாயைத் திறக்கவில்லை. பிறகு கணக்கில் நாலு கேள்வி கேட்டார், எல்லாம் நான் தினமும் பார்த்த வேலைதான். எந்த மண்டி என்று கேட்டார், சொன்னேன். அந்த முதலாளி வீட்டுக் கல்யாணத்துக்குத் தான் போயிருப்பதாகச் சொன்னார். கடைசியாக, "நீங்கள் எந்தத் தெரு? அப்பா என்ன செய்கிறார்?" என்றார். கண்டக்டர் என்றேன். எந்த ரூட் என்று கேட்டார்.

வேலைக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது. போன ஞாயிறு காலை அப்பா மறுபடி கைப்பேசியோடு உள்ளே வந்தார். அந்தப் பழைய நிறுவனத்தின் பதிவேட்டில் அவர் பெயர் இன்னும் இருக்கிறது போலும்.

"அன்புள்ள சுடலைமுத்து, தங்களுக்குப் பொருத்தமான புதிய பணியிடம்" என்று வாசித்துக் காட்டினார். குர்கானில் வாடிக்கையாளர் உறவு மேலாளர். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இன்னொரு தரம் படித்தார்.

"சம்பளம் என்ன என்று போடவில்லையே" என்றார்.