முருங்கைக்குக் கீழே கொடி கட்டாதே

இலங்கையின் வடக்கே உள்ள வன்னியிலிருந்து கிளம்பி வெளிநாடு போனவர்கள் பனியைப் பற்றியும் பாதாள ரயிலைப் பற்றியும் நிறைய எழுதிவிட்டார்கள். நான் எதிர்த்திசையில் வந்தவள். பிறந்து வளர்ந்தது திண்டுக்கல். கட்டிக்கொண்டது தமிழ்நாட்டு அகதி முகாமில் வளர்ந்த ஒருவரை. குடிவந்தது ஒட்டுசுட்டானுக்கும் மாங்குளத்துக்கும் இடையில், அவருடைய அப்பா அம்மா திரும்பி வந்து பற்றை வெட்டித் துப்புரவாக்கிய காணிக்கு. ஊரில் பாதிப் பேர் வெளிநாடு போக வழி பார்த்துக்கொண்டிருக்கும்போது, "இவ என்னத்துக்கு இஞ்ச வந்தவ?" என்று கேட்காதவர்கள் குறைவு. போதாக்குறைக்கு எங்கள் வீடும் இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டியது. போருக்குப் பிறகு இந்தியா இலங்கையில் கட்டித் தர ஒப்புக்கொண்ட 50,000 வீடுகளில் பெரும்பகுதி வடக்கு கிழக்குக்குத்தான். "முதல்ல வீட்டை அனுப்பினவங்கள், பிறகு மருமகளையும் அனுப்பிவிட்டிருக்கிறாங்கள்" என்று அயலில் ஒரு பகிடி இன்னும் ஓடுகிறது.

வதிவிட விசாவுக்குக் கொழும்புக்கு அலைவது, சொதிக்கு நாக்கைப் பழக்குவது, இதெல்லாம் எப்படியோ சரியாகிவிட்டது. நேரம் எடுத்தது வெளிமுற்றம்தான். திண்டுக்கல்லில் எங்களுக்கு 'வெளி' என்றால் மொட்டை மாடி. துணி அங்கே காயும், வடகம் அங்கே காயும், மிஞ்சிப் போனால் ஒரு காக்கா வரும். இங்கே வீட்டுக்குள் போவது படுக்கத்தான். கிணறு வெளியே, கழிவறை வெளியே, சமையல் கொட்டில் வெளியே, விறகு அடுக்கு வெளியே. ஒருநாளில் எத்தனை தடவை செருப்பை மாட்டிக் கழற்றுகிறோம் என்று கணக்கே கிடையாது.

வந்த புதிதில் மாமி என்னை வளவு சுற்றிக் காட்டினார். இது மா, இது பலா என்றெல்லாம் சொல்லவில்லை. எந்த மரத்துக்குக் கீழே எந்தக் காலத்தில் நிற்கக் கூடாது, எந்தக் கல்லைப் புரட்டக் கூடாது, எந்த மூலைக்கு இருட்டில் கை நீட்டக் கூடாது, இதுதான் அவர் காட்டிய வளவு. பூச்சிகளைப் படத்தில் காட்டி இது கொட்டும், இது கொட்டாது என்று பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இங்கே இருக்கிறவர்களுக்கு அந்த அறிவு மரத்தோடும் மாதத்தோடும்தான் ஒட்டியிருக்கிறது. எனக்கென்னவோ அதுதான் சரியான வரிசை. பூச்சியைப் பார்த்து அடையாளம் கண்டுபிடிப்பதற்குள் அது கையில் பட்டிருக்கும்.

முதல் பாடம் முருங்கை. "பிள்ளை, மாரியில இதுக்குக் கீழ கொடி கட்டாதை. உடுப்பில மயிர்க்கொட்டி விழும்." மயிர்க்கொட்டி என்றால் எங்கள் ஊர்க் கம்பளிப்பூச்சி. மழை பிடித்து முருங்கை தளிர்த்ததும் வருகிற சாதி இது. பழுப்பும் சாம்பலுமாக, உடம்பு முழுக்க மயிர். இரவில் ஏறி இலையைத் தின்னும். பகலில் கீழே இறங்கி அடிமரத்தில் கும்பலாக ஒட்டிக்கொண்டிருக்கும். தூரத்தில் இருந்து பார்த்தால் மரத்தின் தோல் அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் தடித்திருக்கிறது என்றுதான் தோன்றும். கிட்டப் போய் மெல்ல ஊதினால் அந்தத் தோல் முழுதும் ஒரே நேரத்தில் சிலிர்க்கும். ஒன்று தலையைத் தூக்கினால் பக்கத்தில் உள்ளதும் தூக்கும், அப்படியே வரிசையாக மேலே வரைக்கும் போகும். அழகென்றுகூடச் சொல்லலாம், தள்ளி நின்றால்.

இதில் பூச்சி நம் மேல் ஊர்ந்தால்தான் சொறியும் என்று இல்லை. மயிர் உதிர்ந்து காற்றில் போகும், கொடியில் காயும் துவாயில் ஒட்டும், கழற்றிப் போட்ட தோலிலும் கூட்டிலும் அப்படியே இருக்கும். பூச்சி செத்த பிறகும் மயிருக்குச் சாவில்லை. அதனால்தான் மாமி எந்த உடுப்பையும் உதறாமல் மடிக்க விடமாட்டார். குளித்துவிட்டுத் துவாயால் துடைத்த இடமெல்லாம் தடித்து அரிக்கிறது, ஆனால் பூச்சியையே காணவில்லை என்றால், கொடிக்கு மேலே என்ன மரம் என்று பார்க்க வேண்டியதுதான்.

பட்டுவிட்டால் முதல் வேலை, கையைக் கட்டிப் போடுவது. தேய்க்கத் தேய்க்க மயிர் உள்ளே போகும், அப்புறம் அதே கை கண்ணுக்கும் போகும். எங்கள் வீட்டில் இப்போது செலோடேப் சுருள் ஒன்று முதலுதவிப் பெட்டியில்தான் இருக்கிறது. துண்டு வெட்டி, தோலில் ஒட்டி, இழுத்து எடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு தடவையும் புதுத் துண்டு. அப்புறம் சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவுவது, உடுப்பை மாற்றுவது, துணியில் சுற்றிய ஐஸ், அரிப்புக்கு மாத்திரை. மாமி இதற்கெல்லாம் மேல் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசுவார். டேப் முதலில், மஞ்சள் பிறகு என்று எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம். கண்ணில் பட்டது என்றால் மட்டும் ஒப்பந்தம் எதுவும் கிடையாது: தண்ணீரால் அலசிக்கொண்டே ஆஸ்பத்திரி. மயிர் கண்ணுக்குள் தைத்து உள்ளே நகரக்கூடியது.

இந்தக் கும்பலை ஒழிக்க ஊரில் செய்வது பந்தம் கொளுத்தி அடிமரத்தில் காட்டுவது. பலன் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் காற்று வீட்டுப் பக்கம் அடிக்கும்போது கொளுத்தினால் பாதி மயிர் புகையோடு குசினிக்குள் வந்துவிடும். இதற்குப் பதிலாகப் பகலில் அவை கீழே குவிந்திருக்கும் நேரம் பார்த்துச் சவர்க்காரத் தண்ணீரைத் தாராளமாக அடித்து, நீளமான தடியால் வழித்து, புதைத்துவிடலாம். சிலர் மரத்தையே தறித்துவிடுகிறார்கள். இரண்டு மூன்று கிழமைத் தொல்லைக்காக, வருடம் முழுக்கக் காயும் கீரையும் தருகிற மரத்தை வெட்டுவதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மயிர்க்கொட்டியில் இன்னொரு சாதி இருக்கிறது. மயிர் கிடையாது, முள்தான். இளம்பச்சை உடம்பு, முதுகோடு நீலக் கோடு, இரண்டு பக்கமும் சின்னச் சின்ன முள் கொத்து. கால் வெளியே தெரியாது, இலையோடு ஒட்டி வழுக்கிக்கொண்டு போகும். தென்னை ஓலையின் அடியில் இருக்கும், மா இலையின் அடியில் இருக்கும், ஆமணக்கில் இருக்கும். அந்த ஒவ்வொரு முள்ளும் உள்ளே குழல், அடியில் நஞ்சுச் சுரப்பி. பட்டதும் நுனி உடைந்து நஞ்சு இறங்கும். முருங்கைச் சாதி போல மெதுவாக அரித்து ஆரம்பிக்காது. கரண்ட் அடித்த மாதிரி அந்தக் கணமே சுரீரென்று ஏறும். கோயிலுக்கு மாவிலை ஆய்கிற பிள்ளைகளுக்குத்தான் இது அதிகம் படுகிறது. இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கை வை என்று சொல்வது எளிது. எட்டிப் பறிக்கிறவனுக்கு இலையின் அடிப்பக்கம்தான் முதலில் கைக்கு வரும். கொக்கத்தடி அதற்கு நல்லது.

அதே மாமரத்தில் முசுறு உண்டு. இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டும் சிவப்பு எறும்பு. கடித்து, கடித்த இடத்தில் அமிலத்தைப் பீய்ச்சும். கத்துவோம், உதறுவோம், முடிந்தது. நான் பயப்படுகிற எறும்பு வேறு: தலை கறுப்பு, நடு உடம்பு செம்மஞ்சள், பின்பக்கம் மறுபடி கறுப்பு. பட்ட மரப் பொந்துகளில் இருக்கும், தனித்தனியாகத் திரியும், கடிக்காது, கொட்டும். பெரும்பாலானவர்களுக்கு வலியோடு போய்விடும். ஆனால் இது கொட்டி ஒவ்வாமையில் மூச்சடைத்து உயிராபத்து வரை போனவர்கள் இலங்கையில் இருக்கிறார்கள். விறகு அடுக்குகிறவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

குளவிக்கு வருவோம். வன்னியில் காணி துப்புரவாக்குகிறவனுக்குப் பாம்புக்கு அடுத்த பயம் இதுதான். கறுப்பு உடம்பு, வயிற்றின் முன்பாதியில் அகலமாக ஒரு மஞ்சள் பட்டை. பற்றைக்குள்ளோ மரக்கிளையிலோ சாம்பல் நிறக் காகிதக் கூடு. கத்தி அந்தக் கிளையில் படுகிற வரைக்கும் கூடு கண்ணுக்குத் தெரியாது. தேனீ கொட்டினால் கொடுக்கு நம் தோலிலேயே தங்கிவிடும், அது நஞ்சை இறக்கிக்கொண்டே இருக்கும், ஆகவே நகத்தாலோ எதாலோ உடனே எடுத்துவிட வேண்டும். எப்படி எடுப்பது என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் என்பதுதான் பெரிது. குளவிக்கு அந்த நட்டம் கிடையாது. ஒன்றே பல தடவை கொட்டும்.

காட்டுக்குள் உயர்ந்த கிளைகளில் தொங்குகிற பெருந்தேனீ இன்னொரு வகை ஆபத்து. பருந்து வந்து கூட்டைக் கிழித்தால் கீழே பாலைப்பழம் பொறுக்குகிறவர்கள்தான் அகப்படுவார்கள். தேனீ கொட்டும்போது ஒரு வாசனை வெளிவரும், வாழைப்பழ வாசனைக்கு நெருங்கியது. அது மற்றத் தேனீக்களுக்கு அழைப்பு. அதனால் நின்று கையை வீசி அடிப்பதில் ஒரு பிரயோசனமும் இல்லை. சாறத்தையோ சேலைத் தலைப்பையோ முகத்தில் போர்த்துக்கொண்டு ஓட வேண்டும், வீட்டுக்குள்ளோ வாகனத்துக்குள்ளோ போய்க் கதவடைக்கும் வரை. குளத்துக்குள் குதிப்பது சினிமாவுக்குச் சரி. தலையைத் தூக்கும்போது அவை மேலேயே நிற்கும்.

எங்கள் அயலில் ஒருவர் வயல் கரைப் பற்றை வெட்டும்போது குளவிக் கூட்டில் அகப்பட்டார். வீட்டில் சுண்ணாம்பு பூசி, தேத்தண்ணி கொடுத்து, வலி குறைந்ததும் படுக்க வைத்துவிட்டார்கள். அடுத்த நாள் சிறுநீர் தேத்தண்ணி நிறத்தில் போனது. நிறையக் கொட்டு வாங்கினால் நஞ்சு தசையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், அது சில மணி நேரம், ஒரு நாள் கழித்துத்தான் தெரியும். அவர் பிழைத்தது மகள் நிறத்தைப் பார்த்துப் பயந்ததால். பல இடத்தில் கொட்டியிருந்தால், ஆள் தெம்பாகப் பேசிக்கொண்டிருந்தாலும் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். ஒரே ஒரு கொட்டுதான், ஆனால் உதடு வீங்குகிறது, உடம்பெல்லாம் தடிக்கிறது, குரல் கம்முகிறது, மயக்கம் வருகிறது என்றால் அது இன்னும் அவசரம். அதற்கு மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசி, சுண்ணாம்பு அல்ல. 1990 என்று அழுத்தினால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். இந்திய உதவியில் 2016இல் தெற்கில் தொடங்கி 2018இல் வடக்குக்கு வந்த சேவை அது. இதற்கும் அந்தப் பகிடியைச் சொல்வார்கள்.

தேள் விஷயத்தில் நான் கொண்டுவந்த பயம் இங்கே கொஞ்சம் மாறிப்போனது. எங்கள் ஊரில் செந்தேள் என்றால் பிள்ளைகளின் உயிருக்கே ஆபத்து. வியர்த்துக் கொட்டி, வாந்தி எடுத்து, கை கால் குளிர்ந்து, இதயம் தடுமாறும். மகாராஷ்டிராவின் மகாட் என்ற சிறிய ஊரில் இருந்துகொண்டு டாக்டர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர், பிரசோசின் என்ற இரத்த அழுத்த மாத்திரை இதற்குக் கைகொடுக்கும் என்று 1980களில் எழுதினார்; 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அந்தச் செந்தேள் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் உண்டு. எங்கள் வளவில் நான் பார்ப்பது பெரிய கருந்தேள். பார்க்கத்தான் பயங்கரம், வலி கடுமை, ஆனால் செந்தேள் அளவுக்கு ஆபத்தில்லை.

என் கணவருடைய தம்பி மகன் கள்ளநோட்டுப் பார்க்கிற ஊதா வெளிச்ச டோர்ச் ஒன்று வைத்திருக்கிறான். தேளின் ஓட்டில் அந்த ஒளி பட்டால் பச்சை நீலமாக ஒளிரும். ஒருநாள் இரவு வாழைப் புட்டிக்குள் அடித்துக் காட்டினான். வெறும் இருட்டும் சருகும் என்று நான் பகல் முழுக்க நடந்த இடம். அங்கே ஒன்று, கல்லடியில் ஒன்று, கிணற்றுக் கட்டில் வாலை வளைத்தபடி இன்னொன்று. டோர்ச்சை அணைத்ததும் எதுவும் இல்லை. அன்றைக்குப் பிறகு நான் இரவில் கிணற்றடிக்கு வெறுங்காலோடு போவதில்லை, மாமி சொல்லாமலே.

மட்டத்தேள், அதாவது நாங்கள் பூரான் என்பது, வீட்டுக்குள்ளேயே வரும். மழை பெய்து வளவில் வெள்ளம் நின்றால் அதுவும் மேட்டைத் தேடும், அந்த மேடு நம் பாய். வாலால் கொட்டும் என்று பலர் வாலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தலைக்குக் கீழே இருக்கும் முதல் சோடிக் கால்கள்தான் நச்சுக் கொடுக்கு. சப்பாத்தை உதறிப் போடுவது, பாயைத் தட்டி விரிப்பது, நுளம்பு வலையைப் பாய்க்கு அடியில் செருகுவது, இவ்வளவுதான் மருந்து. அறுவடைக் காலத்தில் லைட்டுக்கு வருகிற மெல்லிய கறுப்பு செம்மஞ்சள் வண்டு ஒன்று உண்டு; கடிக்காது, கொட்டாது. கழுத்தில் வைத்து நசுக்கினால்தான் அதன் சாறு பட்டு மறுநாள் தீப்புண் மாதிரிக் கொப்புளம் வரும். ஊதிவிடுங்கள்.

மாங்குளத்துக்காரர்களுக்கு ஒரு பெருமையும் உண்டு, பாதிப் பேருக்கு அது தெரியாது. 2009இல் இங்கே ஒருவர் கொண்டுவந்து கொடுத்த செத்த சிலந்தி ஒன்றில் தொடங்கித் தேடி, 2012இல் புது இனம் என்று உலகத்துக்கு அறிவித்தார்கள். கால்களை விரித்தால் ஏறக்குறைய 20 செண்டிமீட்டர். ஆராய்ச்சியாளர்களோடு காடு சுற்றித் துணை நின்ற ஒரு தமிழ்ப் பொலிஸ் அதிகாரியின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். வயதான மரப் பொந்தில் வாழ்வது. மரங்கள் போனதால் பழைய கட்டடங்களுக்குள் வந்துவிட்டது, மாங்குளம் வைத்தியசாலையின் டாக்டர் விடுதியிலேயே கண்டிருக்கிறார்கள். இந்தக் குடும்பத்துச் சிலந்திகள் கடித்தால் வலியோடு தசைப்பிடிப்பும் வரும். ஆனால் தேடிவந்து கடிக்கிற சாதி இல்லை. கண்டால் விளக்குமாற்றை எடுக்காமல் வழிவிடுங்கள்.

இங்கே வளர்ந்தவர்கள் நடக்கும்போது நிலத்தைப் பார்த்தே நடப்பதை வந்த நாளிலிருந்து கவனித்திருக்கிறேன். பூச்சிக்காக என்று நினைத்தேன். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைகள் இன்னும் சில காட்டோரங்களில் நிற்கின்றன. கண்ணிவெடி எடுக்கிற வேலை முழுதாக முடியவில்லை. தெரியாத பாதையில் இறங்காதே, கண்டதைத் தொடாதே, கல்லைப் புரட்டாதே. இரண்டுக்கும் ஒரே அறிவுரை பொருந்துகிறது. பிள்ளைகள் எதற்காகக் கேட்டார்களோ, கேட்டார்கள்.

ஆடி விடுமுறைக்கு ரொறொன்ரோவிலிருந்து மச்சாள் குடும்பம் வருகிறது. என்ன கொண்டுவர வேண்டும் என்று கேட்டார். பிள்ளைகளுக்கு மூடிய சப்பாத்து, நீளக் கை சட்டை, ஆளுக்கொரு டோர்ச், சின்னவனுக்குக் கடலை ஒவ்வாமை இருப்பதால் அவன் அட்ரினலின் பேனா இரண்டு, கைப்பையில், சூட்கேசில் வேண்டாம். அதற்குக் கீழே, மரத்தடியில் எதைத் தொடக் கூடாது என்று ஒரு பட்டியலும் தட்டத் தொடங்கினேன். மாமி தோளுக்கு மேலால் வாசித்துவிட்டுச் சொன்னார்: "காணும் பிள்ளை. இதைப் பார்த்தால் அதுகள் கொழும்பு ஹோட்டலிலேயே நிண்டுடுங்கள்." பட்டியலை நிறுத்திவிட்டு, பாலைப்பழம் முடிவதற்குள் வந்துவிடுங்கள் என்று மட்டும் சேர்த்து அனுப்பினேன்.