பிடித்து நிறுத்திய சைக்கிள்

வக்கீலாகக் கிரிமினல் வழக்குகள் பக்கம் வந்த புதிதில், அடிதடி என்றாலே நான் முதலில் கேட்பது காயச் சான்றிதழைத்தான். எத்தனை தையல், எலும்பு முறிவு உண்டா, சாதாரண காயமா, கொடுங்காயமா?

ஒரு நாள் ஓர் அம்மா வந்தார். கணவர் இறந்தபின் கொழுந்தனாரோடு சொத்துத் தகராறு. இவர் சைக்கிளில் போகும்போது அந்த ஆள் பின்னாலேயே வந்து கேரியரைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார். இவர் விழவில்லை, ஒரு காலை ஊன்றிச் சமாளித்துவிட்டார். தெருவே பார்க்க ஐந்து நிமிஷம் விடவில்லையாம். ஸ்டேஷனில் வழக்குப் போடாமல், புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

"காயம் எதுவும் இல்லையேம்மா" என்றேன். அவர் பதில் சொல்லாமல் ரசீதை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார்.

கேட்டுக்கொண்டிருந்த சீனியர், "தம்பி, 349-ஐ எடுத்துப் படி" என்றார். இந்திய தண்டனைச் சட்டம் அமலில் இருந்த காலம் அது. ஒருவரை அசைய வைத்தாலும், அவர் அசைவை மாற்றினாலும், நிறுத்தினாலும் அது பலப்பிரயோகம். உடம்பில் கை பட வேண்டும் என்றுகூட இல்லை. சம்மதமில்லாமல், வேண்டுமென்றே, குற்றம் செய்வதற்காகவோ காயம், பயம், தொந்தரவு உண்டாக்கவோ அதைச் செய்தால் அடுத்த பிரிவான 350 வந்துவிடும். கிரிமினல் ஃபோர்ஸ் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். ரத்தம் வரவேண்டும் என்று ஒரு வார்த்தை கிடையாது.

கீழே உதாரணங்கள். படகில் ஒருவர் உட்கார்ந்திருக்க, கட்டியிருந்த கயிற்றை இன்னொருவர் அவிழ்த்துவிடுகிறார். பல்லக்கில் போகிறவரை, அதன் தண்டைப் பிடித்து நிறுத்துகிறார். 1860-ஆம் ஆண்டுச் சட்டம். "பல்லக்குக்குப் பதிலா சைக்கிள், அவ்வளவுதான்" என்றார் சீனியர். எனக்கு முகம் சுட்டது.

அப்புறம் மனுவைத் திருத்தி எழுதினோம். இதற்கான தண்டனைப் பிரிவான 352 மட்டும் என்றால் மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாது. வழிமறித்ததற்கான 341-உம் சேர்ந்ததால் எஃப்.ஐ.ஆர். போட்டார்கள்.

இப்போது பாரதிய நியாய சன்ஹிதா. 2024 ஜூலை 1 முதல் அதே வரையறைகள் 128, 129-ஆம் பிரிவுகளில் இருக்கின்றன. இந்தக் குற்றத்துக்கான உச்சபட்ச அபராதம் 500-லிருந்து 1,000 ரூபாய் ஆகியிருக்கிறது, மூன்று மாதச் சிறை அப்படியே. பழைய பல்லக்கை விட இந்த மூன்று மாதம்தான் என்னை உறுத்துகிறது. திரும்பத் திரும்ப இதைச் செய்கிறவனுக்கு இது போதாது.

குடும்பத் தகராறுகளில் பலர், "அடிக்கல சார், ஆனா..." என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அந்த 'ஆனா'வுக்குப் பிறகு வருவதை இப்போதெல்லாம் குறுக்கிடாமல் எழுதிக்கொள்கிறேன். கதவை எந்தப் பக்கம் தள்ளினார், புடவைத் தலைப்பைப் பிடித்தாரா, கையிலிருந்த போன் எங்கே போய் விழுந்தது.

அந்த வழக்கில் எதிரி குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினார். இவ்வளவுதானா என்று அந்த அம்மா வருத்தப்படுவார் என நினைத்தேன். அவர் தீர்ப்பு நகல் கேட்டார்.

"அவர் என்னைப் பிடிச்சு நிறுத்தினார்னு அதுல எழுதியிருக்குமா சார்?"

இருக்கும் என்றேன்.