அலுவலகக் கிறிஸ்துமஸ் விருந்து: ஏற்பாட்டாளரின் நாட்குறிப்பு

செப்டம்பர் 9, 2025, செவ்வாய்

இந்த ஆண்டுக் கிறிஸ்துமஸ் விருந்தை அலுவலக உணவுக்கூடத்தில் நடத்தாமல் நகரத்து ஹோட்டல் ஒன்றில் நடத்துவதென்று இன்றைய கூட்டத்தில் முடிவாயிற்று. நிர்வாகப் பிரிவில் இருப்பதால் ஏற்பாட்டுப் பொறுப்பு என்னிடம் வந்தது. மாலைக்குள் சில ஹோட்டல்களின் விருந்துப் பிரிவுகளுடன் பேசிவிட்டேன். எத்தனை பேர் வருவார்கள் என்பதைத்தான் எல்லோரும் முதலில் கேட்டார்கள். தேதி, உணவு, அலங்காரம் எல்லாம் அதற்குப் பின்னரே. அதில் நியாயம் இருக்கிறது. எந்த அரங்கு, எத்தனை மேசை, பரிமாற எத்தனை ஆள், ஒருவருமே வராவிட்டாலும் நாங்கள் கட்ட வேண்டிய தொகை எவ்வளவு என்பவை அனைத்தும் அந்த ஓர் எண்ணிலிருந்தே கணக்கிடப்படுகின்றன. பணியாளர் பட்டியலில் 142 பெயர்கள் இருக்கின்றன. பட்டியலில் இருப்பவர்களும் விருந்துக்கு வருபவர்களும் ஒரே கூட்டம் என்று எண்ணுவதற்கில்லை.

டிசம்பரின் முதல் மூன்று வாரங்களில் வெள்ளி, சனி மாலைகளை எல்லா நிறுவனங்களும் ஒரே நேரத்தில் நாடுவதால், அவை இப்போதே பெரும்பாலும் பதிவாகிவிட்டன. டிசம்பர் 11, வியாழக்கிழமையைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கச் சொன்னேன். மறுநாள் வேலை நாளாயிற்றே என்று இருவர் முணுமுணுத்தனர். மறுநாள் வேலை இருப்பது, இரவு அளவோடு முடிவதற்கு நல்ல காரணம் என்பது என் எண்ணம். மேலும், வெள்ளி மாலைச் சூரியன் மறைந்ததும் ஓய்வு நாளைக் கடைப்பிடிக்கும் யூதர் ஒருவர் எங்கள் கணக்குப் பிரிவில் இருக்கிறார். வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தால் அவரை அழைப்பது வெறும் ஒப்புக்காகத்தான் இருக்கும்.

செப்டம்பர் 16, செவ்வாய்

அரங்குகளைப் பார்த்தேன். விளம்பரத் தாளில் அச்சிட்டிருக்கும் கொள்ளளவை அப்படியே நம்பக் கூடாது. "300 பேர்" என்று இருந்தால், அது நாற்காலிகளை மட்டும் வரிசையாகப் போட்டு, மேடையோ உணவு மேசையோ இல்லாமல் கணக்கிட்ட எண்ணாகவே பெரும்பாலும் இருக்கும். வட்ட மேசைகளைச் சுற்றி அமர்ந்து சாப்பிடுவதற்கு, நடைவழியையும் சேர்த்து ஒருவருக்குச் சுமார் 1.3 சதுர மீட்டராவது வேண்டும்.

எனக்குப் பிடித்த அரங்கு 18 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் கொண்டது, அதாவது 270 சதுர மீட்டர். 160 பேர் என்று வைத்துக்கொண்டால் அமர்வதற்கு மட்டும் 208 போய்விடுகிறது. சிறிய மேடைக்கு 18. ஒரே நேரத்தில் ஐம்பது பேர் ஆடுவார்கள் என்றால் ஆடுதளத்திற்கு இன்னும் 20. எஞ்சிய இடத்தில் பஃபே மேசைகளை வைத்தால் நாற்காலியை நகர்த்தவும் வழியிராது. ஆகவே உணவு மேசைகளை வெளிக்கூடத்தில் வைப்பதென்று மேலாளருடன் பேசி முடித்தேன். அவசர வழிகள் இரண்டும் எந்தப் பக்கம் திறக்கின்றன, அவற்றின் முன்னால் அலங்கார மரம் வைக்கும் வழக்கம் உண்டா என்றும் கேட்டேன். கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

அக்டோபர் 3, வெள்ளி

ஒப்பந்தம் வந்தது. இரண்டு நாள் முழுக்க வைத்துப் படிக்க வேண்டிய தாள் இது. பலரும் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் தேடுகிறார்கள். உள்ளே மூன்று எண்கள் இருக்கின்றன. முதலாவது, இப்போது நாம் உறுதியளிக்கும் குறைந்தபட்ச எண்ணிக்கை. ஹோட்டல்காரர்கள் இதை மினிமம் கேரண்டி என்கிறார்கள். இரண்டாவது, விருந்துக்கு 72 மணி நேரத்திற்கு முன் எழுத்தில் தர வேண்டிய இறுதி எண்ணிக்கை. மூன்றாவது, அன்று உண்மையில் வந்தவர்களின் எண்ணிக்கை. இறுதி எண்ணிக்கைக்கும் வந்தவர்களின் எண்ணிக்கைக்கும் இடையே எது பெரியதோ அதற்கே பில். அறிவித்ததற்கு மேல் 5 சதவீதம் வரை கூடுதலானவர்களுக்கு இருக்கையும் உணவும் ஆயத்தமாக இருக்கும் என்று ஹோட்டல் ஒப்புக்கொள்கிறது. எனவே எண்ணைக் கொஞ்சம் குறைத்துச் சொல்வதே அறிவு. மிகவும் குறைத்துச் சொல்வது பேராசை.

இரண்டு திருத்தங்கள் கேட்டேன். குறைந்தபட்சம் 130 என்று இருந்ததை 120 ஆக்க வேண்டும். வந்தவர்களை எண்ணுவது வாசலில், இரு தரப்பும் சேர்ந்து, கையெழுத்துடன் நடக்க வேண்டும். பயன்படுத்திய தட்டுகளை வைத்து எண்ணக் கூடாது. பஃபேயில் ஒரே மனிதர் இரண்டாம் முறை போகும்போது புதுத் தட்டு எடுப்பது இயல்பு. தட்டுக்கணக்கில் அவர் இரண்டு பேராகிவிடுவார். இரண்டையும் ஏற்றுக்கொண்டார்கள். ரத்து செய்தால் முன்பணம் எந்தத் தேதிக்குப் பின் எவ்வளவு திரும்பாது என்ற படிக்கணக்கு வழக்கமானதே என்பதால் அதில் கை வைக்கவில்லை.

அக்டோபர் 22, புதன்

விருந்துக்கு உரியவர்கள் யார் என்ற கேள்வி இன்று எழுந்தது. குடும்பத்தினரையும் அழைத்தால் எண்ணிக்கை 300ஐத் தாண்டும். அரங்கு கொள்ளாது என்பதால் அந்தப் பேச்சு விரைவில் முடிந்தது. துப்புரவு, காவல், உணவுக்கூடம் ஆகியவற்றில் ஒப்பந்த முறையில் பணிபுரியும் 31 பேரைப் பற்றியதுதான் நீண்டது. அவர்கள் வேறு நிறுவனத்தின் ஊதியப் பட்டியலில் இருப்பவர்கள், நம் செலவில் வருவது முறையன்று என்பது ஒரு வாதம். கடந்த ஆண்டு விருந்து உணவுக்கூடத்தில் நடந்தபோது நாற்காலிகளைப் போட்டவர்களும் இரவு பதினொரு மணிக்குத் தரையைத் துடைத்தவர்களும் அவர்களே. அப்போது யாரும் ஊதியப் பட்டியலைப் பார்க்கவில்லை என்று சொன்னேன். நான் சற்றுக் கடுமையாகவே பேசினேன். நிதிப் பிரிவுத் தலைவர் கணக்கிட்டுப் பார்த்து, மேடை அலங்காரத்தைக் குறைத்தால் 31 பேருக்கும் செலவு அடங்கும் என்றார். அடங்கியது. அழைப்பு இனி 173 பேருக்கு.

நவம்பர் 6, வியாழன்

அழைப்புடன் சிறு படிவம் ஒன்றும் அனுப்பினோம். வருகிறீர்களா, எவற்றை உண்பதில்லை, எது ஒவ்வாது, வீடு திரும்ப வாகனம் வேண்டுமா என்று நான்கே கேள்விகள். வராததற்குக் காரணம் கேட்க வேண்டாம் என்று நான் வற்புறுத்தினேன். அலுவலகம் நடத்தும் விருந்தில் "கட்டாயமில்லை" என்று எழுதியிருந்தாலும், காரணம் எழுதும் கட்டம் ஒன்று இருந்துவிட்டால் அது கட்டாயமாகவே படிக்கப்படும்.

பதில்களில் நான் எதிர்பாராதது ஒன்று உண்டு. இறைச்சி, பால், முட்டை எதுவும் வேண்டாம் என்று எழுதியவர்களில் ஒருவர் கிறிஸ்தவர். பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ் திருச்சபையைச் சேர்ந்தவர்; அவருக்குக் கிறிஸ்துமஸ் ஜனவரி 7 அன்று வருகிறது, அதற்கு முந்தைய 40 நாள் நோன்பு நவம்பர் 28 அன்று தொடங்குகிறது. மேற்கத்திய திருச்சபைகளின் முறைப்படி பார்த்தாலும் டிசம்பர் 11 என்பது கிறிஸ்துமஸ் காலமன்று. அது காத்திருப்புக்குரிய திருவருகைக் காலம், பண்டிகைக் காலமோ 25ஆம் தேதிதான் தொடங்குகிறது. திருச்சபை காத்திருக்கச் சொல்லும் நாட்களில் அலுவலகங்கள் கேக் வெட்டிக்கொண்டிருக்கின்றன. எங்கள் நாட்காட்டி கணக்காண்டையும் விடுமுறைகளையும் பார்த்து அமைந்தது. அதற்கு மேல் விளக்கம் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

நவம்பர் 19, புதன்

உணவைச் சுவைத்துப் பார்க்க அழைத்திருந்தார்கள். அளவாகச் சமைத்த உணவு எல்லா இடத்திலும் நன்றாகத்தான் இருக்கும். 150 பேருக்குச் சமைத்து, மூடிய பாத்திரத்தில் அரை மணி நேரம் இருந்த பிறகு எப்படியிருக்கும் என்பதே கேள்வி. எனவே சுவைக்க வைத்தவற்றில் ஒரு பகுதியை அரை மணி நேரம் கழித்துக் கொண்டுவரச் சொன்னேன். பொரித்தவை துவண்டுவிட்டன, அவற்றைப் பட்டியலிலிருந்து நீக்கினோம். குழம்பு வகைகளும் மின்னடுப்பில் (ஓவன்) சுட்டவையும் தாங்கின.

தலைமைச் சமையல்காரருடன் பேசியது பயனுள்ளதாக இருந்தது. சூடான உணவு 60 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கக் கூடாது, குளிர்ந்தது 5 டிகிரிக்கு மேலே ஏறக் கூடாது. இடைப்பட்ட வெப்பத்தில்தான் நுண்ணுயிர்கள் வேகமாகப் பெருகுகின்றன. இதனால்தான் பஃபேயில் மிஞ்சியதைப் பொட்டலம் கட்டித் தர ஹோட்டல்கள் மறுக்கின்றன. அன்றிரவு அலுவலகக் காவலில் நால்வர் இருந்தாக வேண்டும். மிஞ்சியதை அவர்களுக்கு எடுத்துப் போகலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அவர்களுக்கான நான்கு உணவுப் பெட்டிகளைத் தனியாக, பஃபே திறப்பதற்கு முன்பே கட்டி அனுப்புமாறு ஃபங்ஷன் ஷீட் எனப்படும் விருந்துப் பணித்தாளில் எழுத வைத்தேன். அந்தத் தாளில் எழுதப்படாத எதுவும் அன்று நடக்காது. சமையலறை, பரிமாறுவோர், மின்பணியாளர், வாகன நிறுத்தத்தில் நிற்பவர் ஆகிய எல்லோரும் அதைப் பார்த்தே வேலை செய்கிறார்கள். என்னுடன் பேசிய மேலாளர் அன்று விடுப்பிலேயே இருக்கக்கூடும்.

டிசம்பர் 2, செவ்வாய்

இசைக்குழு புகை இயந்திரம் கொண்டுவருவதாகச் சொன்னது. புகை அறியும் கருவிகள் அதற்கும் உண்மையான தீக்கும் வேறுபாடு பார்ப்பதில்லை. ஒலித்தால் ஹோட்டல் முழுவதும் வெளியேற வேண்டியிருக்கும். அந்தப் பகுதியின் கருவிகளை அணைத்துவைத்து, ஒருவரைக் காவலுக்கு நிறுத்த வேண்டும் என்றார்கள். நான் புகையையே வேண்டாமென்றேன். மெழுகுவர்த்திகளும் மின்கலத்தில் எரிபவையே. பதிவு செய்த இசையை ஒலிபரப்புவதற்கான உரிமத்தை ஹோட்டல் வைத்திருப்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டேன். மேல்மாடிகளில் விருந்தினர்கள் உறங்குவார்கள் என்பதால் இசை 10.30 மணிக்கு நிற்க வேண்டும்.

நிர்வாக இயக்குநரின் உரைக்கு 20 நிமிடம் கேட்டார்கள். பத்து நிமிடத்திற்கு மேல் போனால் சமையலறையைப் பாதிக்கும் என்று சொன்னேன். அது பாதி உண்மை. மீதிப் பாதியை அவரிடம் சொல்வதற்கில்லை.

டிசம்பர் 8, திங்கள்

இறுதி எண்ணிக்கையைக் கொடுக்க வேண்டிய நாள். வருவதாகச் சொன்னவர்கள் 161. ஒவ்வொரு பிரிவிலும் சென்று பேசினேன்: குழந்தைக்குக் காய்ச்சல், வெளியூர்ப் பணி, மறுக்கத் தயங்கி "வருகிறேன்" என்று எழுதியவர்கள் இருவர். 150 என்று கொடுத்தேன். 5 சதவீதம் சேர்த்தால் 157 பேர் வரை தாங்கும். 161 பேரும் வந்துவிட்டால் என்ன செய்வது என்று உதவியாளர் கேட்டார். வந்துவிட்டால் நாங்கள் இருவரும் கடைசியாகச் சாப்பிடுவோம் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

டிசம்பர் 12, வெள்ளி

வாசலில் இருவர் எண்ணினார்கள்: 154. ஆறடி விட்டமுள்ள வட்ட மேசைகளில் பத்துப் பத்துப் பேராக அமர்ந்தார்கள். பிரிவுகள் கலந்து உட்கார வேண்டும் என்பதற்காக நுழைவிலேயே மேசை எண்ணைச் சீட்டெடுக்க வைத்திருந்தேன். உரை முடியும் வரை அது நிலைத்தது. உணவுக்கு எழுந்து திரும்பியபோது கணக்குப் பிரிவு கணக்குப் பிரிவுடனும், காவலர்கள் காவலர்களுடனும் வந்து சேர்ந்தார்கள். கட்டாயப்படுத்திக் கலக்க வைப்பதில் எனக்கும் நம்பிக்கை குறைந்துவிட்டது. பசியோடு இருப்பவர் தமக்குப் பழகிய முகத்தைத்தான் தேடுகிறார். ஆடுதளத்தில் மட்டும் நான் திட்டமிடாத கலப்பு ஓரளவு நிகழ்ந்தது.

உரை 14 நிமிடம். கடைசிப் பரிசு அறிவிக்கப்பட்டபோது நான் கையைத் தூக்கினேன். அதுவே வெளிக்கூடத்தில் நின்ற மேற்பார்வையாளருக்கு அடையாளம். அதற்குப் பின்னரே சூடான பாத்திரங்கள் வெளியே வந்தன. ஒவ்வொன்றும் இரு பக்கமும் எடுக்கக்கூடிய இரண்டு வரிசைகள் வைத்ததாலும், தட்டுகளைத் தொடக்கத்திலும் கரண்டிகளை மேசைகளிலும் வைத்ததாலும் நெரிசல் நீடிக்கவில்லை. இனிப்புகளை எதிர்ச்சுவரில் தனியாக வைத்தது நல்ல முடிவு. இனிப்பைத் தேர்ந்தெடுப்பவர்கள் நெடுநேரம் யோசிக்கிறார்கள்.

மது மேசையை 9.45 மணிக்கு மூடினோம். மூடிய பிறகு தேநீரும் காப்பியும் வந்தன, வாகனங்கள் 10.15 மணி முதல் நின்றன. மது அருந்தாதவர்களுக்குத் தண்ணீரைத் தவிர வேறு எதுவும் இருக்காது என்ற வழக்கமான குறை இம்முறை எழவில்லை, ஏனெனில் பழரசப் பட்டியலையும் மதுப் பட்டியல் அளவுக்கு நீளமாக அமைத்திருந்தோம். காவலில் இருந்த நால்வருக்கும் பெட்டிகள் 7.40 மணிக்கே போய்ச் சேர்ந்துவிட்டன.

டிசம்பர் 17, புதன்

பில் 171 பேருக்கு வந்தது. தட்டுகளை எண்ணியிருக்கிறார்கள். வாசலில் இரு தரப்பும் கையெழுத்திட்ட தாளையும் ஒப்பந்தத்தின் உரிய பக்கத்தையும் அனுப்பினேன். மாலைக்குள் 154 என்று திருத்திய பில் வந்தது. முன்பணத்தைக் கழித்து மீதித் தொகைக்கு ஒப்புதல் பெற்றுக் கணக்குப் பிரிவுக்கு அனுப்பினேன். அடுத்த ஆண்டு இதே வாரத்தை இப்போதே நிறுத்திவைக்கலாமா என்று ஹோட்டலிலிருந்து கேட்டிருக்கிறார்கள். ஜனவரி மாத நடுவில் அரங்கு காலியாக இருக்குமா, அப்போது குறைந்தபட்ச எண்ணிக்கை எவ்வளவு என்று எழுதிக் கேட்டிருக்கிறேன். பதில் வந்ததும் இரண்டு தேதிகளையும் சேர்த்தே இயக்குநரிடம் வைப்பேன்.