பர்கண்டி ரப்பர் செடியில் பதியம் பிடித்துவிட்டது

தாழ்வாரத்தில் நிற்கும் பர்கண்டியில் போட்ட விண்பதியம் (கிளையை வெட்டி எடுக்காமல் செடியிலேயே வேர்விட வைக்கும் முறை) வேர்விட்டுவிட்டது. நேற்று வெட்டித் தனித்தொட்டியில் வைத்தாயிற்று. தண்டில் கட்டிய பாசி உருண்டையைச் சுற்றி எங்கே பார்த்தாலும் வேர். ரொம்ப சந்தோஷம்.

செடி என் தலைக்கு மேல் போய், அடியில் மொட்டைத் தண்டாக நின்றது. வெளிச்சம் தேடி நடக்கிற வழிப் பக்கம் வேறு சாய்ந்தது. சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடித் தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விட்டாக வேண்டுமே. நுனியை வெட்டித் தண்ணீரில் போடலாம்தான், ஆனால் இந்தத் தடிமனுக்கும் இலை அளவுக்கும் வேர் வருமுன் வாடிவிடும் என்று பதியத்துக்கே போனேன்.

இரண்டு, மூன்று சென்டிமீட்டர் அகலத்துக்கு வளையமாகப் பட்டை எடுப்பது எல்லாருக்கும் தெரியும். அதற்கு அடுத்த வேலையான சுரண்டலில்தான் எல்லாமே இருக்கிறது. பட்டை உரிந்ததும் வெள்ளைக் கட்டை தெரியும். வேலை முடிந்ததுபோலத் தோன்றும். ஆனால் அதன்மேல் வழுவழுவென்று, புதுப் பட்டையை வளர்க்கும் கேம்பியம் படலம் ஒன்று இருக்கும். அதில் ஒரு கீற்று மிஞ்சினாலும் மேல் பட்டையும் கீழ்ப் பட்டையும் மறுபடி சேர்ந்துகொள்ளும், வேர் வராது. இலையில் உண்டாகும் சத்தும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோனும் பட்டை வழியாகத்தான் இறங்குகின்றன. அந்த வழியை முழுசாக அடைத்தால்தான் அவை மேல் விளிம்பில் தேங்கி வேரைத் தூண்டும். தண்ணீர் உள்கட்டை வழியாக ஏறிக்கொண்டே இருப்பதால் இலைக்கு ஒன்றும் ஆகாது.

ரப்பர் செடியில் இந்தச் சுரண்டலைக் கெடுப்பது பால். வெட்டிய நொடியில் வழிந்து பிளேடில் ஒட்டிக்கொள்ளும்; பால் எது, படலம் எது என்றே தெரியாது. ஈர டிஷ்யூவை வைத்து அழுத்தி, பால் நிற்கும்வரை காத்திருந்து, துடைத்த பிறகுதான் சுரண்ட வேண்டும். பிளேடைச் சாய்க்காமல் நேராக நிறுத்திச் சுரண்டினால் கட்டை வெட்டுப்படாது. கையுறை போட்ட விரலால் தடவிப் பாருங்கள்: வழுக்கினால் இன்னும் இருக்கிறது, சொரசொரவென்று இருந்தால் முடிந்தது. கையுறை கட்டாயம், பால் பட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும்.

பாசியை ஊறவைத்து, சொட்டு விழாத அளவுக்குப் பிழிந்து, கிளிங் ராப் சுற்றி, மேலே அலுமினியத் தாள். இணையத்தில் ஒருவரிடம் வாங்கிய பாசி பாதிக்குமேல் தூள். பிழிந்தாலே கரைந்து போகிறது. தாம்சன் ரோடு நர்சரிகள் பக்கம் போனால் ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் வாங்கும் நீள இழைப் பாசியைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம். விலை கூடத்தான், ஆனால் கொடுக்கலாம்.

பக்கத்து வீட்டு அக்கா, பால் வழிவதைப் பார்த்துவிட்டு, “இதுதான் எஸ்டேட்ல வெட்டுற பால்மரமா?” என்று கேட்டார். இல்லை அக்கா, அது அமேசான் காட்டு மரம். 1877-இல் 22 கன்றுகளாக சிங்கப்பூருக்கு வந்த வேறு குடும்பம். நம்முடையது ஆலமரத்துக்குச் சொந்தம், மேகாலயாவில் வேர்ப்பாலம் கட்டுகிறார்களே, அந்த மரம். இத்தனை சுலபமாக வேர்விடுவதில் ஆச்சரியமே இல்லை!

அடுத்து டினெகேயில் (இலையில் பச்சையோடு வெளிர்நிறம் கலந்த ரப்பர் செடி வகை) பதியம் போடப் போகிறேன். அதில் ஒரு கிளை முழுப் பச்சையாகத் திரும்பியிருக்கிறது. முதலில் அதை வெட்ட வேண்டும், விட்டால் பச்சைக் கிளையே ஓங்கிவிடும். வெட்டிய கிளையை வீணாக்காமல் அதையும் வேர்விட வைக்கலாமா என்று யோசனை.

புதுச்செடி இப்போது வெயில் படாத மூலையில், பெர்லைட் (தண்ணீர் வடிய உதவும் வெள்ளைக் குறுணை) நிறையக் கலந்த மண்ணில் இருக்கிறது. பாசியைப் பிரிக்காமல் அப்படியே நட்டேன். இழுத்தால் இளவேர் ஒடிந்துவிடும். அடித்தட்டு வைக்கவில்லை, கொசு வந்துவிடும். தாய்த்தண்டில் வெட்டுக்குக் கீழே இரண்டு கணு புடைத்திருக்கிறது. இரண்டும் கிளைத்தால் சாய்கிற பிரச்சினையே தீர்ந்துவிடும்.