தோரின் துறைமுகத்தில்

13 ஜூன் 2024, வியாழன்

வட அட்லாண்டிக் கடலில் இருக்கும் ஃபாரோ தீவுகளுக்கு வந்திருக்கிறேன். விமானம் இறங்கியது வாகர் தீவில். தலைநகரம் இருப்பதோ ஸ்ட்ரெய்மோய் தீவில். படகில் போகலாம் என்ற ஆசையோடு வந்தேன். பஸ் கடலுக்கு அடியிலேயே போய்விட்டது. ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் சுரங்கம், 2002-இல் திறந்ததாம்.

ஊர் டோர்ஸ்ஹவ்ன். தோர் என்னும் இடித் தெய்வத்தின் துறைமுகம் என்று பொருள். ஊர்க்காரர்கள் தெய்வத்தை விட்டுவிட்டு வெறும் 'ஹவ்ன்' என்கிறார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கிய ஐந்தாவது நிமிடம் காற்று என் குடையைப் புரட்டிக் கம்பிகளை முறித்துப்போட்டது. சுற்றிலும் பார்த்தேன், வேறு ஒருவர் கையிலும் குடை இல்லை.

இரவு பதினொரு மணிக்கும் வெளிச்சம். போர்வையை ஜன்னலில் தொங்கவிட்டிருக்கிறேன்.

14 ஜூன், வெள்ளி

டிங்கானெஸ் என்பது துறைமுகத்தை இரண்டாகப் பிரிக்கும் பாறை முனை. 'டிங்' என்றால் அவை. கடல் கடந்து வந்து குடியேறிய, கடற்கொள்ளைக்குப் பேர்போன வைக்கிங்குகள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கே கூடி வழக்குத் தீர்த்தார்கள். இன்றும் பிரதமர் அலுவலகம் இதே பாறையில்தான். சிவப்பு மரவீடுகள், கூரையில் முழங்கால் உயரப் புல். பழைய வீடுகளில் பல 1673 தீயில் போய்விட்டன. காவலர் யாராவது விரட்டுவார் என்று காத்திருந்தேன், வரவில்லை. துணிந்து ஒரு ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். கணினியில் தட்டிக்கொண்டிருந்த அம்மையார் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு மறுபடி தட்டத் தொடங்கினார்.

மாலையில் ஸ்கான்சின் கோட்டை. கடற்கொள்ளையரைத் தடுக்க 1580-இல் கட்டியது. வைக்கிங்குகளின் பேரர்கள் கொள்ளையருக்கு அஞ்சிக் கோட்டை கட்டியிருக்கிறார்கள்!

15 ஜூன், சனி

வாக்ஸ்போட்ன் படகுத்துறையில் மீன் விற்றுக்கொண்டிருந்தார்கள். பழக்கதோஷம், ஒரு காட் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டேன். இரத்தச் சிவப்பு. விற்றவர் கோபிக்கவில்லை, பின்னால் நின்ற தன் படகைக் கட்டைவிரலால் காட்டினார். அதன் தளம் இன்னும் ஈரமாகவே இருந்தது.

தங்கியிருக்கும் வீட்டின் பின்புறம் ஒரு கொட்டகை. சுவர்ப் பலகைகளுக்கு இடையே விரல் நுழையும் இடைவெளி. உள்ளே வாலோடு வால் சேர்த்துக் கட்டிய மீன்கள் இணை இணையாகத் தொங்குகின்றன. கருவாட்டுக்கு உப்பும் வெயிலும் வேண்டும். இந்தத் தீவுகளில் அந்தக் காலத்தில் உப்புக்குப் பஞ்சம், வெயிலுக்கு எப்போதும் பஞ்சம். இருப்பது காற்று. அது பலகை இடுக்கில் புகுந்து வாரக்கணக்கில் மீனைப் புளிக்க வைக்கிறது. பச்சை மீனுக்கும் கருவாட்டுக்கும் நடுவில் நிற்கும் அந்தப் பக்குவத்துக்கு 'ரஸ்ட்' என்று பெயர்.

இரவு வீட்டுக்கார அம்மா அதை வேகவைத்து, உருளைக்கிழங்கோடு, உருக்கிய ஆட்டுக்கொழுப்பை மேலே ஊற்றித் தந்தார். முதல் வாய்க்கு மூச்சை அடக்கிக்கொண்டேன். மூன்றாவது வாய்க்குப் பழையசோறும் பச்சைமிளகாயும் இருந்தால் தேவலை என்று தோன்றியது. இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினேன்.

ஸ்வெட்டரை இரண்டு முறை அலசிவிட்டேன், வாடை போகவில்லை. நாளை விமானத்தில் என் பக்கத்து இருக்கைக்காரர் பாவம்.