தாளில் 19 நாள், சைட்டில் 1 நாள்

ரூஃப் கான்கிரீட் போட்ட மறுநாளிலிருந்து சைட் வெறிச்சோடிக் கிடக்கும். கீழே முட்டுகள், மேலே பாத்தி கட்டி நிறுத்திய தண்ணீர், ஆள் நடமாட்டம் இல்லை. பல ஷெட்யூல்களில் இந்த நாட்களுக்கு ஒரு வரிகூட இருக்காது. எந்த வேலைக்குப் பின் எந்த வேலை என்று கோடு இழுத்துக் காட்டும் நெட்வொர்க் போட்டுத் திட்டமிட நினைப்பவர் முதலில் திருத்திக்கொள்ள வேண்டியது இதைத்தான். கூலி கேட்காத காத்திருப்பும் ஒரு வேலைதான், அதற்கும் நாள் கணக்கு உண்டு.

இந்த முறை இரண்டு இடத்தில் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பிறந்தது. 1957 வாக்கில் டுபான்ட் கெமிக்கல் கம்பெனியின் வாக்கரும் ரெமிங்டன் ராண்ட் கம்பெனியின் கெல்லியும் சேர்ந்து உருவாக்கியது சி.பி.எம். (கிரிட்டிக்கல் பாத் மெத்தட்). அடுத்த ஆண்டு அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக வந்தது பெர்ட். வேலைக்கு எத்தனை நாள் ஆகும் என்று ஓரளவு தெரிந்தால் முன்னது, தெரியாவிட்டால் பின்னது. வீடு கட்ட இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் வேண்டும்.

ஒரு சாதாரண தரைத்தள வீட்டை எடுத்துக்கொள்வோம். சுவர் ரூஃப் மட்டத்துக்கு வந்துவிட்டது. இனி டைல்ஸ் வரை என்ன வேலை, எதற்குப் பின் எது?

சென்டரிங் (கான்கிரீட் தாங்கும் பலகையும் முட்டும்) 6 நாள், கம்பி கட்ட 3, வயர் போகும் கன்ட்யூட் பைப் பதிக்க 1, கான்கிரீட் 1. பதினோராம் நாள் முடிவில் ரூஃப் போட்டாயிற்று. இனி அடைப்புக்குள் இருப்பது அந்த வேலை முடியும் நாள். முட்டு நிற்க 14 நாள் (25), பிரிக்க 2 (27), சுவரில் காடி வெட்டி பைப்பும் பாக்ஸும் வைக்க 5 (32), உள்பூச்சு 10 (42), பூச்சுக்குத் தண்ணீர் அடிக்க 7 (49), டைல்ஸ் 8 (57).

மேலே இன்னொரு கிளை போகும். ரூஃப் போட்டு 3 நாள் விட்டு கைப்பிடிச் சுவர் 4 நாள் (18), வெளிப்பூச்சு 8 (26), மொட்டை மாடித் தட்டோடு 5 (31), அதற்குத் தண்ணீர் கட்ட 7 (38).

இப்படி முன்னோக்கிக் கூட்டிக்கொண்டே போவது ஃபார்வர்ட் பாஸ். ஒரு வேலைக்கு முன்வேலை இரண்டு இருந்தால், அவற்றில் கடைசியாக முடிவதுதான் கணக்கு. 57இலிருந்து பின்னோக்கிக் கழித்து வந்தால், ஒவ்வொரு வேலையையும் அதிகபட்சம் எப்போது முடித்தால் போதும் என்று தெரியும். இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் ஃப்ளோட். கீழ்க்கிளையில் எல்லா வேலைக்கும் அது பூஜ்யம், அங்கே ஒரு நாள் பிந்தினால் மொத்த வீடும் பிந்தும்; அதுவே கிரிட்டிக்கல் பாத். மேல்கிளைக்கு 57-லிருந்து 38 போக 19 நாள். அந்த 19 கைப்பிடிச் சுவருக்குத் தனி, பூச்சுக்குத் தனி, தட்டோட்டுக்குத் தனி என்று இல்லை. முழுக் கிளைக்கும் சேர்த்து ஒரே பை. முதல் ஆள் எடுத்துச் செலவழித்துவிட்டால் அடுத்தவருக்கு மிச்சமில்லை.

முட்டுக்கு 14 நாள் என்றது சும்மா இல்லை. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 விதிப்படி, சாதாரண போர்ட்லாண்ட் சிமென்டில் தாங்கல்களுக்கு நடுவே 4.5 மீட்டர் வரையுள்ள ஸ்லாபுக்கு 7 நாள், அதற்கு மேல் 14. பீம் இருந்தால் 6 மீட்டர் வரை 14, தாண்டினால் 21. இப்போது பெரும்பாலும் வாங்குவது பி.பி.சி. (போர்ட்லாண்ட் பொசலானா சிமென்ட்) மூட்டை; அதன் பலம் மெதுவாக ஏறும் என்பதால் எஞ்சினியர் சொன்னால் நாள் கூடும். கான்கிரீட்டுக்குத் தண்ணீர் கட்டும் கியூரிங்கும் 7க்குப் பதில் 10 நாள். ஷெட்யூல் பிந்தும்போதெல்லாம் மேஸ்திரியின் கண் போவது இந்த முட்டின்மேல்தான். அதில் கை வைக்கக்கூடாது.

இன்னொன்று, கான்கிரீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது, கொத்தனாருக்கு உண்டு. காத்திருப்புக்கு ஒரு காலண்டர், ஆள் வேலைக்கு ஒரு காலண்டர் என்று இரண்டு வேண்டும். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று இங்கே ஞாயிறு ஒதுக்கவில்லை.

விஷயம் இனிதான் இருக்கிறது. அந்த 19 நாள் உண்மையா? கைப்பிடிச் சுவர், வெளிப்பூச்சு, தட்டோடு மூன்றையும் செய்வது அதே கொத்தனார் செட்தான். உள்பூச்சும் அவர்களே. அவர்கள் மாடியை விட்டு இறங்குவது 31ஆம் நாள் முடிவில், உள்ளே பூச்சு தொடங்க வேண்டியது 32 முடிந்தவுடன். ஆக, கைவசம் இருப்பது ஒரே நாள். இரண்டு நாள் மழை பெய்து வெளிப்பூச்சு நின்றால் மொத்த வீடும் ஒரு நாள் பிந்தும். தாளில் அந்த வேலைக்கு 19 நாள் ஃப்ளோட் என்று இருக்கும், யாரும் பதற மாட்டார்கள். வேலைக்கும் வேலைக்கும் உள்ள தொடர்பை மட்டும் கோடு போட்டு, ஆளுக்கும் ஆளுக்கும் உள்ள தொடர்பை விட்டுவிட்டால் இப்படித்தான் ஆகும். நெட்வொர்க் போட்டு முடித்ததும் ஒவ்வொரு வேலையின் மேலும் செட்டின் பெயரை எழுதிப் பாருங்கள். ஒரே பெயர் இரண்டு கிளையில் வந்தால் அங்கேயும் ஒரு கோடு வேண்டும்.

அடுத்து ஜன்னல். யு.பி.வி.சி. (பிளாஸ்டிக்) ஜன்னலுக்குப் பூச்சு முடிந்தபின் அளவெடுப்பது வழக்கம். அளவெடுத்து வந்து சேர 20 நாள், மாட்ட 2. 42ஆம் நாள் அளவெடுத்தால் 64இல்தான் முடியும். டைல்ஸ் 57இலேயே முடிந்தாலும் பயனில்லை. உள்பூச்சின் முதல் 3 நாளில் ஜன்னல் ஓரங்களை மட்டும் பூசச் சொல்லிவிட்டால் 35இல் அளவு, 55இல் சரக்கு, 57இல் மாட்டி முடியும். ஒரு ரூபாய் செலவில்லாமல் 7 நாள் லாபம். ஆனால் இப்போது கிரிட்டிக்கல் பாத் இரண்டு.

அந்த 20 நாளும் கடைக்காரர் வாய்ச்சொல். இந்த இடத்துக்குத்தான் பெர்ட். சீக்கிரம் வந்தால் 15, வழக்கமாக 20, இழுத்தால் 40 என்று வையுங்கள். நடுவில் உள்ளதை நான்கால் பெருக்கி, ஓரத்து இரண்டையும் கூட்டி, ஆறால் வகுத்தால் 22.5. இழுக்கும் பக்கம் நீளம் என்பதால் சராசரி அந்தப் பக்கம் சாய்கிறது. 40-லிருந்து 15-ஐக் கழித்து ஆறால் வகுத்தால் திட்ட விலக்கம், அதாவது சராசரியிலிருந்து எவ்வளவு நகரலாம் என்பதன் அளவு, சுமார் 4.2 நாள். 57ஆம் நாளை ஒட்டி கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறிப்பது சூதாட்டம்.

அவசரப்படுத்தக் காசு செலவழிப்பதானால் எங்கே? கூடுதல் கொத்தனார் போட்டு உள்பூச்சை 10-லிருந்து 7 ஆக்கலாம். டைல்ஸ் 54இல் முடியும், ஜன்னல் அதே 57. மூன்று நாள் கூலி வீண். இரண்டு பாதைக்கும் பொதுவான வேலையைத்தான் குறைக்க வேண்டும். எலக்ட்ரீஷியனை இரண்டு ஜோடியாக விட்டு 5 நாளை 3 ஆக்கினால் இரண்டும் சேர்ந்து சுருங்கும். ஆனாலும் மிச்சமாவது 2 நாள் இல்லை, 1 நாள்தான். முப்பதாம் நாள் முடிவில் சுவர் தயார், கொத்தனார் இன்னும் ஒரு நாள் மாடியில் தட்டோடு ஒட்டிக்கொண்டிருப்பார்.

ஷெட்யூலைத் திருத்த நல்ல நேரம் சனிக்கிழமை கூலிக் கணக்குப் பார்க்கும்போது. “எத்தனை பர்சென்ட் முடிஞ்சுது?” என்று கேட்காதீர்கள், யாரைக் கேட்டாலும் எண்பது என்பார்கள். “இன்னும் எத்தனை நாள் வேணும்?” என்று கேளுங்கள். 29ஆம் நாள் முடிவில் எலக்ட்ரீஷியன் “இன்னும் நாலு நாளு சார்” என்றால், 32 என்றிருந்தது 33 ஆகிவிட்டது, கடைசித் தேதி 58. கூடவே கொத்தனாருக்கு மாடியில் ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்திருக்கிறது. ஜன்னல் அளவெடுக்க வருகிறவருக்கு 35 இல்லை, 36 என்று அன்றைக்கே போன் போட்டுச் சொல்லிவிட வேண்டும். அவர் 35இல் வந்து ஓரம் பூசாததைப் பார்த்துத் திரும்பிப் போனால், மறுபடி எப்போது வருவார் என்பதற்கு எந்த நெட்வொர்க்கிலும் நாள் கிடையாது.